மூணு ஸ்கிரீன், ஒரு மவுஸ்... வாங்குறதுக்கு முன்னாடி உங்க கையைக் கேளுங்க!

"அக்கா, பென் டூல் பிடிச்சு அரை மணி நேரம் வேலை பார்த்தா கட்டை விரல் மரத்துப் போகுது. ஆடி பதினெட்டு வேற வருது. நல்ல வயர்லெஸ் மவுஸா ஒண்ணு சொல்லுக்கா."

எம். புதுப்பட்டியிலிருந்து என் சித்தி பையன் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் இது. சிவகாசி அச்சகங்களுக்கு வீட்டிலிருந்தே டிசைன் செய்து கொடுப்பதுதான் அவன் வேலை. ஆடிப்பெருக்கு அன்றைக்குத்தான் சிவகாசியில் அடுத்த வருஷத்து காலண்டர் ஆல்பங்கள் வெளியாகும். அதுக்கு முந்தைய வாரங்கள்ல டிசைனர்களுக்குத் தூக்கம் கிடையாது. காலண்டர் முடிஞ்சா, தீபாவளிக்கான பட்டாசுப் பெட்டி, லேபிள்னு அடுத்த வேலை வரிசையில நிக்கும்.

போன மாசம் ஊருக்குப் போனப்போ அவன் மேசையைப் பார்த்தேன். டிசைனுக்கு ஒரு டெஸ்க்டாப். பில்லும் மெயிலும் போட ஒரு லேப்டாப். 'அம்மன் படத்தைக் கொஞ்சம் பெருசாக்குங்க' மாதிரி கரெக்‌ஷன் வந்துட்டே இருக்கும் டேப்லெட் ஒண்ணு. ரெண்டு மவுஸ். அதுல ஒண்ணு, ஆஃபர்ல பார்த்து ஆசைப்பட்டு வாங்கிய தட்டையான மவுஸ். பார்க்க அழகு. ஆனா, அதைப் பிடிக்கும்போது அவன் உள்ளங்கை காத்துல தொங்குது. மணிக்கட்டு மேசை விளிம்புல அழுந்துது.

இப்படி ஒரே ஆள் ரெண்டு மூணு டிவைஸ்ல வேலை பார்ப்பது டிசைனர்களுக்கு மட்டுமில்ல, வொர்க் ஃப்ரம் ஹோம்ல இருக்கும் பலருக்கும் சகஜம். அதுக்கு ஒரு மவுஸ் வாங்கும்போது எதையெல்லாம் கவனிக்கணும்?

முதல்ல ஸ்கேலை எடுங்க

மவுஸ் விளம்பரத்துல பெரிய எழுத்துல இருப்பது டிபிஐ. கைக்கு முக்கியமானது சைஸ். நடுவிரல் நுனியிலிருந்து மணிக்கட்டு ரேகை வரைக்கும் அளந்து பாருங்க. ஏறக்குறைய 17 செ.மீ-க்குக் கீழே என்றால் சின்ன கை, 19 செ.மீ-க்கு மேலே என்றால் பெரிய கை. பெரிய கைக்குக் குட்டி மவுஸ் கொடுத்தா விரல்கள் மடங்கியே இருக்கும். சின்ன கைக்குப் பெரிய மவுஸ் கொடுத்தா பட்டனை எட்டிப் பிடிக்கவே தசை இறுகும்.

நாள் முழுக்க வேலை என்றால், உள்ளங்கை முழுசா உட்காரும் மாதிரி முதுகு உயர்ந்த மவுஸ் நல்லது. தட்டை மவுஸ் பையில வெச்சுக்கிட்டு வெளியே போறப்போ ஓகே.

இடது கைப் பழக்கம் உள்ளவங்க கவனம்! கட்டைவிரலுக்குப் பள்ளம் வைத்த மவுஸ்களில் பெரும்பாலானவை வலது கைக்கு மட்டுமே. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் மாடலோ, இடது கைக்கென்றே வரும் மாடலோதான் உங்களுக்கு செட் ஆகும்.

மாத்துற பட்டன் எங்கே இருக்கு?

மல்டி டிவைஸ் மவுஸ் என்பது மூணு டிவைஸை ஞாபகம் வெச்சுக்கும் மவுஸ், அவ்வளவுதான். ஒரு பட்டனை அழுத்தினா டெஸ்க்டாப்பிலிருந்து லேப்டாப்புக்குத் தாவும். ஆண்ட்ராய்டு போன், டேப்லெட்டிலும் ப்ளூடூத் மவுஸ் வேலை செய்யும். ஐபேடில் 2020-ல் வந்த ஐபேட் ஓஎஸ் 13.4-லிருந்து மவுஸை முழுசா பயன்படுத்தலாம்.

பலர் கவனிக்காமல் விடும் விஷயம், அந்த பட்டன் இருக்கும் இடம். லாஜிடெக்கின் எம்எக்ஸ் மாஸ்டர் 3எஸ், லிஃப்ட், பெபிள் மவுஸ் 2 மூன்றிலும் அது அடிப்பக்கம் இருக்கு. ஒவ்வொரு முறையும் மவுஸைத் தூக்கித் திருப்பணும். எம்720 ட்ரையத்லானில் கட்டைவிரல் பக்கமே இருக்கு. காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை மாத்துறவங்களுக்கு இது பிரச்னையே இல்ல. மணிக்குப் பத்து தடவை மாத்துறவங்களுக்கு இதுதான் எல்லாமே.

காசே செலவில்லாத வழியும் இருக்கு

ரெண்டுமே விண்டோஸ் கம்ப்யூட்டரா? மைக்ரோசாஃப்ட்டின் 'பவர்டாய்ஸ்' என்ற இலவச தொகுப்பில் 'மவுஸ் வித்அவுட் பார்டர்ஸ்' என்று ஒரு வசதி இருக்கு. ஒரே நெட்வொர்க்கில் இருக்கும் 4 கம்ப்யூட்டர் வரைக்கும் ஒரே மவுஸ், ஒரே கீபோர்டு போதும். கர்சரை இந்த ஸ்கிரீன் ஓரத்துக்குத் தள்ளினா அந்த ஸ்கிரீனுக்குள்ளே போயிடும். காப்பி பேஸ்டும் ஆகும். உங்க பழைய மவுஸே இதுக்குப் போதும். விண்டோஸும் மேக்கும் கலந்து வெச்சிருந்தா, லாஜிடெக்கின் சில மாடல்களில் 'ஃப்ளோ' என்ற இதே மாதிரி வசதி உண்டு.

கரெக்‌ஷன் வாட்ஸ்அப்பில்தான் வருது என்றால், வாட்ஸ்அப் வெப்பை டெஸ்க்டாப்பிலேயே திறந்து வெச்சுக்கலாம். மூணாவது டிவைஸை அடிக்கடி தொட வேண்டிய தேவையே பாதி குறைஞ்சிடும்.

ப்ளூடூத்தா, டாங்கிளா?

போன், டேப்லெட்டுக்கு ப்ளூடூத்தான் வசதி. டெஸ்க்டாப்பில் ப்ளூடூத் இல்லைன்னா, யூஎஸ்பி டாங்கிள் கூடவே வரும் மாடல் வேணும். பெட்டியில டாங்கிள் இருக்கான்னு கேட்டு வாங்குங்க. சிலதில் இருக்காது.

கர்சர் விட்டு விட்டு நகருதா? உடனே மவுஸ் மேல பழி போடாதீங்க. யூஎஸ்பி 3.0 போர்ட்டில் ஹார்டு டிஸ்க் ஓடும்போது கிளம்பும் மின் இரைச்சல், 2.4 கிகாஹெர்ட்ஸில் இயங்கும் வயர்லெஸ் மவுஸைப் பாதிக்கும். இன்டெல் நிறுவனமே 2012-ல் இதை விளக்கி அறிக்கை வெளியிட்டிருக்கு. டாங்கிளை நீல நிற போர்ட்டிலிருந்து தள்ளி முன்பக்கம் செருகுங்க. இல்லைன்னா, சின்ன எக்ஸ்டென்ஷன் கேபிள் போட்டு மேசை மேலேயே கொண்டு வந்துடுங்க.

கண்ணாடி மேசையும் காலண்டர் அட்டையும்

நம்ம ஊர்ல மேசைக்கு மேல கண்ணாடி போட்டு, அடியில சாமி படம் வைக்கிற பழக்கம் உண்டு. சாதாரண ஆப்டிகல் மவுஸ் கண்ணாடியில தடுமாறும். எம்எக்ஸ் மாஸ்டர் மாதிரி சில மாடல்கள் மட்டுமே கண்ணாடியிலும் ஓடும். அதுக்காக அவ்வளவு செலவு பண்ணணுமா? பளபளப்பு இல்லாத ஒரு பழைய காலண்டர் அட்டை போதும். சிவகாசிக்காரங்களுக்கு அதுக்கா பஞ்சம்?

டிபிஐ? டிசைன், எக்ஸெல் வேலைக்கு 800-லிருந்து 1,600 வரை தாராளம். 8,000 என்று போட்டிருப்பதால மட்டும் கோடு நேரா வந்துடாது.

பட்ஜெட் எப்படி?

2,000 ரூபாயை ஒட்டி பெபிள் மவுஸ் 2 மாதிரி மூணு டிவைஸ் மவுஸ் கிடைக்கும். இதுவும் தட்டைதான், ரெண்டு மூணு மணி நேர வேலைக்குச் சரி. எம்720 கொஞ்சம் கூட வரும். உள்ளங்கைக்கு நல்ல தாங்கல். ஒரு டபுள் ஏ பேட்டரியில் 24 மாதம்வரை ஓடும் என்கிறது நிறுவனம். லிஃப்ட் போன்ற சாய்வு மவுஸ் 5,000 ரூபாய்க்கு மேலே போகும். கை குலுக்கும் வாட்டத்தில் 57 டிகிரி சாய்ந்திருப்பதால், முன்கை முறுக்கிக்கொள்ளாது. சின்ன, நடுத்தர கைகளுக்கானது. இடது கை மாடலும் உண்டு. ஆனா, பழக ஒண்ணு ரெண்டு வாரம் ஆகலாம். சீசன் நடுவுல மாத்தாதீங்க. எம்எக்ஸ் மாஸ்டர் 3எஸ் 10,000 ரூபாயை ஒட்டி வரும். பெரிய கைக்கு நல்லா உட்காரும். ஆஃபர் நேரத்துல இந்த விலைகள் மாறும்.

ஆன்லைன்ல ஆர்டர் போடும் முன்னாடி, பக்கத்துக் கடையில ஐந்து நிமிஷமாவது பிடிச்சுப் பாருங்க.

மவுஸ் மருந்து இல்ல!

மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு குறுகலான பாதை இருக்கு. ஒன்பது தசைநாண்களோட மீடியன் நரம்பும் அது வழியாத்தான் போகுது. அங்கே அழுத்தம் கூடினா கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போகும். ராத்திரி தூக்கத்துல எழுந்து கையை உதறத் தோணும். பொருள்கள் கையிலிருந்து நழுவும். இதுல எது வந்தாலும் போக வேண்டியது டாக்டர்கிட்ட. மவுஸ் கடைக்கு அப்புறம் போகலாம்.

மேசையையும் கொஞ்சம் மாத்துங்க. முழங்கை தொங்காம தாங்கல் வேணும். மணிக்கட்டு நேரா இருக்கணும். நம்பர் பேட் இல்லாத சின்ன கீபோர்டு வெச்சா, மவுஸ் உடம்புக்குப் பக்கத்துல வந்துடும். தோள் வலியும் குறையும். அரை மணி நேரத்துக்கு ஒரு தடவை கையை எடுத்துடுங்க.

சித்தி பையன் கை 18 செ.மீ. நாள் பூரா டிவைஸ் மாத்துறவன் என்பதால கட்டைவிரல் பட்டன் உள்ள எம்720 வாங்கினான். அதுக்கு முன்னாடி அவனை டாக்டர்கிட்ட அனுப்பியது சித்திதான். ராத்திரியில மணிக்கட்டை மடக்காம இருக்க ஒரு பட்டை போட்டுக்கச் சொல்லியிருக்கார் டாக்டர். இப்போ மரத்துப்போறது குறைஞ்சிருக்கு. முழுசா போகல.

சித்தி இருபது வருஷத்துக்கும் மேல தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை பார்த்தவங்க. எத்தனை பெட்டி ஒட்டினமோ அத்தனைக்குத்தான் கூலி. "கையில வலின்னு ஒரு நா உக்காந்தா அன்னிக்குக் காசு இல்லம்மா. அப்பல்லாம் வலியைச் சொல்லவே மாட்டோம். இவனாவது வாயைத் திறந்து சொன்னானே" என்றார் போனில்.

அவனுக்கும் டிசைன் கணக்குலதான் காசு. ஆல்பம் வேலை இன்னும் நாலு பாக்கி இருக்காம்.