மௌனம் காக்கும் மேசைகள்



அரசாங்கத்தின்மீது பொதுமக்களுக்குள்ள மனக்குறைகளுள் மிகப் பெரியது எதுவென்று கேட்டால், வரிச்சுமையென்பர் சிலர். விலைவாசியென்பர் வேறு சிலர். நான் அவ்வாறு கருதவில்லை. வரியைக்கூட மனிதன் முணுமுணுத்துக்கொண்டே கட்டிவிடுகிறான். கேட்ட கேள்விக்கு விடை கிடையாமையைத்தான் அவனாற் பொறுக்க முடிவதில்லை. "கோவை மேலிடத்துக்குப் போயிருக்கிறது", "பொறுப்பானவர் இன்று லீவு", "அடுத்த கிழமை வந்து பாருங்கோ" என்ற சொற்களைக் கேட்டுத் திரும்பாதவர் நம்முள் யார்? முடியாதென்று சொல்லிவிட்டாலாவது வேறு வழி பார்க்கலாம். உண்டென்றும் சொல்லாது, இல்லையென்றும் சொல்லாது ஆளை அலைக்கழிக்கும்போது அவன் யாரை நோவது?

இம்மௌனத்தை உத்தியோகத்தர் ஒருவரின் குணக்கேடென்று மட்டும் எண்ணிவிடலாகாது. அதற்கொரு பரம்பரையுண்டு. கச்சேரி என்றால் தமிழ்நாட்டார்க்குச் சங்கீதம் நினைவுக்கு வரும். நமக்கோ அரசாங்க அதிபரின் அலுவலகமே நினைவுக்கு வரும். ஆங்கிலேயர் காலத்திலே அக்கச்சேரி மேலிடத்துக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருந்ததேயன்றி, வாசலிற் காத்து நின்ற குடிமகனுக்கன்று. 1948ஆம் ஆண்டு ஆட்சி கைமாறியது. மேசையின் பழக்கம் மாறவில்லை. அரச இரகசியங்களைக் காப்பதற்கென 1955ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டம் வந்துவிட்டது. அரசிடமுள்ள தகவலைக் குடிமகனுக்குக் கொடுப்பதற்கான சட்டமோ அதன்பின் அறுபத்தோராண்டு காத்திருக்க நேர்ந்தது.

இடையிலே வந்த ஓர் ஏற்பாட்டையும் சொல்லவேண்டும். நிருவாகத்தின் அநீதிகளை விசாரிப்பதற்கு ஒம்புட்ஸ்மன் எனப்படும் ஆணையாளர் பதவியொன்று 1981ஆம் ஆண்டின் சட்டத்தால் ஏற்பட்டது. ஆயினும் குடிமகன் அவரிடம் நேரே முறையிட முடியாது. பாராளுமன்ற உறுப்பினரைப் பிடித்து, மனுக்குழு வழியாகவே போகவேண்டும். அதிகாரத்தின்மேலுள்ள குறையை அதிகாரமுள்ளவரின் சிபாரிசோடு சொல்லவேண்டியிருந்த இவ்விந்தை 1994ஆம் ஆண்டுத் திருத்தத்தோடுதான் ஒழிந்தது.

2015ஆம் ஆண்டு, பத்தொன்பதாம் திருத்தத்தின் மூலம், தகவலைப் பெறும் உரிமை அரசியலமைப்பிலே அடிப்படை உரிமையாக இடம்பெற்றது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3ஆந் திகதி நடைமுறைக்கு வந்தது. வேறெந்தச் சட்டம் முரணாக எதைச் சொல்லினும் இச்சட்டமே மேலோங்கும் என்பது அதன் ஏற்பாடுகளுள் ஒன்று.

அது செயற்படும் முறை எளிது. ஒவ்வோர் அரச நிறுவனத்திலும் தகவல் அலுவலர் ஒருவர் இருத்தல் வேண்டும். அவருக்குத் தமிழிலேயே எழுதிக் கேட்கலாம். எழுத இயலாதவர் வாயாற் சொன்னால், அதை எழுத்தில் வடிப்பது அவ்வலுவலரின் கடமை. "உமக்கேன் இது?" என்று அவர் வினவினால் காரணம் சொல்லவேண்டிய கட்டாயமில்லை. பெற்றுக்கொண்டமைக்கு எழுத்திலே அத்தாட்சி தரவேண்டும். பதினான்கு வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்று தீர்மானிக்க வேண்டும். ஓர் ஆளின் உயிரோடும் சுதந்திரத்தோடும் தொடர்புடைய தகவலாயின், நாற்பத்தெட்டு மணித்தியாலத்துள் விடை தேவை. மறுத்தாலும், தவணை கடந்தும் வாளாவிருந்தாலும், பதினான்கு நாட்களுள் அந்நிறுவனத்திலேயே குறித்தளிக்கப்பட்ட மேலலுவலரிடம் முறையிடலாம்; அங்கும் நியாயம் கிட்டாவிடில் இரண்டு மாதத்துள் ஆணைக்குழுவுக்குச் செல்லலாம். அங்கே, மறுத்தது சரியென்று நிரூபிக்கும் பாரம் நிறுவனத்தின் தோளிலேயே கிடக்கிறது.

ஆனால் கேட்கும் விதத்திலே நம்மவர் பலர் சறுக்குகின்றனர். ஆத்திரத்தோடு கேட்டால் கேள்வி தீர்ப்பாகிவிடும். "எங்கள் வீதியை ஏன் இப்படி நாசமாக்கினீர்கள்?" என்று எழுதினால் அதற்கு விடையாக எந்தக் காகிதமும் கோவையில் இராது. மாறாக, வீதிக்கு ஒதுக்கிய தொகை எவ்வளவு, ஒப்பந்தகாரர் யார், ஒப்பந்தப்படி தாரின் கனம் எத்தனை, வேலை முடிந்ததென்று கையொப்பமிட்டவர் எப்பதவியினர், அச்சான்றிதழின் பிரதி எங்கே என்று கேட்டுப் பாருங்கள். 2023ஆம் ஆண்டு அஸ்வெசும நிவாரணப் பட்டியல் வெளியானபோது, தம் பெயரைக் காணாத ஏழைகள் நாடெங்கும் வீதிக்கு வந்து குரலெழுப்பினர். அக்குரல் நியாயமானதே. ஆயினும் தமக்கு எந்த அளவுகோலில் எத்தனை புள்ளி இடப்பட்டதென்ற பத்திரத்தைக் கையிற் பெற்றவரின் முறையீடு, வெறும் கண்ணீரைவிட எளிதில் ஒதுக்கித்தள்ள முடியாதது. கிராம உத்தியோகத்தரோடு பகைக்கலாமா என்ற அச்சம் நம் ஊர்களிலே உண்டு; நாளைக்கும் அவரிடந்தானே கையொப்பத்துக்குப் போகவேண்டும்! இவ்வச்சத்துக்குச் சட்டத்திலே மருந்தில்லை. நாலுபேர் தனித்தனியே விண்ணப்பித்தால் பகை ஒருவர்மேல் விழாதென்பது என் எண்ணம்.

இக்கேள்வி மேலிடம்வரை எட்டுமா? எட்டியிருக்கிறது. 2010ஆம் ஆண்டு முதல் சொத்து விபரங்களைச் சமர்ப்பித்த பாராளுமன்ற உறுப்பினர்களின் பெயர்களைத் தருமாறு 2018இல் செய்தியாளர் ஒருவர் கேட்டார். பாராளுமன்றம் மறுத்தது. கொடுக்குமாறு ஆணைக்குழு பணித்தது. பாராளுமன்றம் மேன்முறையீடு செய்தது. 2023ஆம் ஆண்டு மேன்முறையீட்டு நீதிமன்றம் ஆணைக்குழுவின் பக்கமே தீர்ப்பளித்தது. ஒரு பெயர்ப்பட்டியலுக்கு ஐந்தாண்டு! வெற்றியென்று மகிழ்வதா, காலத்தை எண்ணி வருந்துவதா?

இச்சட்டத்துக்கும் எல்லையுண்டு. தேசிய பாதுகாப்பு, தனியாள் அந்தரங்கம் முதலிய காரணங்களால் மறுக்கலாம். எனினும் வெளியிடுவதாலுண்டாகும் பொதுநலன் தீங்கினும் பெரிதாயின் மறுத்தலாகாது. இவ்விரண்டையும் நிறுக்கும் தராசு முதலில் அதிகாரியின் கையிலேயே இருக்கிறதென்பதை மறந்துவிடக்கூடாது.

சட்டம் நடைமுறைக்கு வந்த அதே 2017 பெப்ரவரியில், பதினேழு நாட் கழித்து, 20ஆந் திகதியன்று கிளிநொச்சியிலே காணாமலாக்கப்பட்டோரின் உறவினர் தொடர்போராட்டத்தில் அமர்ந்தனர். பிள்ளை எங்கே, கணவன் எங்கே என்று அவர்கள் கேட்டதும் ஒரு தகவலையே. ஆனால் இச்சட்டத்தினால் தரக்கூடியது அலுவலகத்தின் வசமுள்ள பதிவு மாத்திரமே; எழுதப்படாத ஒன்றை அது எழுதுவிக்க மாட்டாது. ஆயினும் இன்ன திகதியில் இன்ன இடத்திற் பொறுப்பேற்கப்பட்டோரின் பதிவேடு உண்டா என்று அவ்வன்னையர் கேட்டால், உண்டென்றோ இல்லையென்றோ கையொப்பமிட்ட விடையொன்றை அலுவலர் கொடுத்தே ஆகவேண்டும். இல்லையென்று வந்தால் அக்கடிதத்தையும் பத்திரமாக வைத்திருத்தல் நன்று; ஆணைக்குழுவுக்குச் செல்லும்போது அது தேவைப்படும்.