மூக்கில் வளரும் சதை: அறுவையும் அதன் பின்னரும்

மூச்சுக்கும் மோப்பத்திற்கும் வழியாகிய மூக்கினுள் சில வேளைகளில் மிகைச் சதை வளர்ந்து அவ்வழியை அடைத்து விடுகிறது. இவ்வாறு வளரும் சதைகள் யாவும் ஒரே நோயைச் சேர்ந்தவை அல்ல. பொதுவாகக் காணப்படும் வகை, நெடுநாள் அழற்சியால் மூக்கின் உட்சவ்வு வீங்கித் தொங்குவதால் ஏற்படுவது. அது தோலுரித்த திராட்சையைப்போல் வெளிறி வழவழப்பாக இருக்கும். பெரும்பாலும் இரு நாசிகளிலும் தோன்றும்.

இதனின்று வேறுபட்டது ரைனோஸ்போரிடியோசிஸ் என்னும் நோய். தமிழ்நாட்டின் சிவகங்கை, இராமநாதபுரம் போன்ற தென்மாவட்டங்களிலும், கேரளத்திலும், இலங்கையின் உலர் வலயத்திலும் இது மிகுதி. இந்நோயில் சதை முசுக்கட்டைப் பழம்போல் சொரசொரப்பாகச் சிவந்து, மேலே வெண்புள்ளிகள் தெளித்தாற்போல் தோன்றும். தொட்டவுடன் குருதி கசியும். பெரும்பாலும் ஒரு நாசியில் மட்டுமே காணப்படும். கண்ணின் சவ்விலும் சிலருக்கு வளர்வதுண்டு.

அவ்வெண்புள்ளிகள் நோய்க்கிருமியின் வித்துப்பைகளாகும். ஒவ்வொரு பையினுள்ளும் எண்ணற்ற சிறுவித்துக்கள் அடங்கியுள்ளன. இக்கிருமியை 1900-ஆம் ஆண்டில் புவெனஸ் ஐரிசில் சீபர் விவரித்தார். 1923-இல் ஆஷ்வொர்த் இதனைப் பூஞ்சை இனத்தில் சேர்த்தார். ஆயின் இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் நடந்த மரபணு ஆராய்ச்சி, இது மீன்களைப் பற்றும் சில ஒட்டுண்ணிகளுக்கு உறவான உயிர் என்று காட்டியது. குளம், குட்டைகளின் தேங்கிய நீரில் குளிப்போரிடமும், ஆற்று மணல் அள்ளுவோரிடமும் நோய் மிகுந்திருப்பதால், மூக்கினுள் ஏற்படும் சிறு கீறல் வழியே கிருமி புகுவதாகக் கருதப்படுகிறது. ஒருவரிடமிருந்து மற்றொருவருக்கு இது தொற்றுவதில்லை.

நோயாளி இன்று வாழும் ஊரைக் கேட்பது மட்டும் போதாது. தென்மாவட்டக் கிராமத்தில் வளர்ந்து, பெங்களூரின் எலெக்ட்ரானிக் சிட்டியில் பணிபுரியும் இளைஞர் ஒருவருக்கு மூக்கடைப்பும் குருதிக் கசிவும் இருப்பின், அவர் முன்பு நீராடிய குளத்தையும் விசாரித்தறிதல் வேண்டும்.

சிகிச்சையும் இருவகைக்கும் ஒன்றன்று. அழற்சிச் சதைக்கு முதலில் ஸ்டீராய்டு மருந்துத் தெளிப்பு தரப்படுகிறது. அது பயனளிக்காதபோதே உள்நோக்கிக் கருவியின் துணையுடன் சதை அகற்றப்படுகிறது. ரைனோஸ்போரிடியோசிசுக்கோ அறுவையே முதன்மையான சிகிச்சை. சதையைச் சிதைத்துப் பிடுங்கினால் வித்துக்கள் சிதறி அருகில் பதியக்கூடும். ஆகவே வேருடன் அகற்றி, அவ்விடத்தை மின்சூட்டால் தீய்ப்பார்கள்; இதனால் குருதிப்போக்கும் அடங்கும். அகற்றிய சதையை நுண்ணோக்கியில் ஆராய்ந்தே நோய் உறுதி செய்யப்படும். மீண்டும் வளராதிருக்க டாப்சோன் என்னும் மருந்தைச் சில மாதங்கள் கொடுப்பதுண்டு. அது சிலருக்குச் சிவப்பணுக்களை அழிக்கக்கூடியது. ஆதலால் இரத்தப் பரிசோதனைக்குப் பின் மருத்துவரின் மேற்பார்வையிலேயே உட்கொள்ளல் வேண்டும்.

அறுவைக்குப் பின் முதல் சில நாட்கள் மூக்கடைப்பும் சிறு கசிவும் இயல்பே. மூக்கைப் பலமாகச் சிந்துதல், பளு தூக்குதல், மூக்குப்பொடி, புகைபிடித்தல் ஆகியவற்றைத் தவிர்த்தல் நன்று. மருத்துவர் சொன்னபடி உப்பு நீரால் மூக்கைக் கழுவுங்கால், கொதிக்கவைத்து ஆறிய நீரையே பயன்படுத்துக. குருதி நில்லாது வழிந்தாலோ, கண் வீங்கினாலோ, பார்வை மங்கினாலோ, கடுந்தலைவலியுடன் காய்ச்சல் கண்டாலோ தாமதமின்றி மருத்துவமனை செல்லவேண்டும். இருவகைச் சதையும் மீண்டும் வளரக்கூடியவை. எனவே மூச்சு எளிதான பின்னரும் குறித்த நாளில் பரிசோதனைக்குச் செல்லுதல் இன்றியமையாதது.

களப்பணியாளரும் ஆசிரியரும் இதில் ஆற்றக்கூடிய பணி பெரிது. மாணவன் ஒருவனுக்கு ஒரு பக்க மூக்கில் அடிக்கடி குருதி கசியுமாயின், அதனை வெயிற்சூடு என்று ஒதுக்காமல் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அனுப்புதல் வேண்டும். காரமருந்து வைத்துச் சதையைச் சுடுவோரிடம் செல்லாதவாறு பெற்றோருக்கு எடுத்துரைத்தலும் தேவை. கால்நடைகள் இறங்கும் குட்டையில் மூழ்கிக் குளிப்பதை விடுத்து, கிணற்று நீரையோ குழாய் நீரையோ முகந்து குளிக்கும் பழக்கத்தைச் சிறுவரிடையே வளர்த்தால், நோய் தொற்றும் வாய்ப்புக் குறையும்.