பணக்காரக் குழுவின் பயிற்றுநருக்கு எத்தனை மதிப்பெண்?

போன வருடம் எங்கள் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் ஒரு கூட்டம் நடந்தது. எழுவர் காற்பந்துக் குழுவுக்குப் பயிற்றுநரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு பக்கம், ஐந்து வருடமாக எங்களுக்குப் பயிற்சி கொடுத்து வந்த அண்ணன். செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுவதால் எல்லாருக்கும் அவர் லோரி அண்ணன். அவர் காலத்தில் இரண்டு முறை அரையிறுதி வரை போனோம். கிண்ணம் மட்டும் வரவில்லை. இன்னொரு பக்கம், பட்டணத்துக் குழு ஒன்றுக்கு மூன்று கிண்ணங்கள் வாங்கிக் கொடுத்தவர். யார் வேண்டும் என்று கேட்டார்கள். மூன்று கிண்ணங்களுக்கே கைகள் உயர்ந்தன. அதில் என் கையும் ஒன்று.

இந்த வருடம் முதல் சுற்றிலேயே வெளியேறினோம்.

புதியவர் கெட்டிக்காரர் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. அவருடைய பழைய குழுவில் மாநில இளையோர் குழுவுக்கு ஆடியவர்களே நான்கு பேர். காலணி, சீருடை, வேன் எல்லாம் ஆதரவாளர் செலவு. எங்கள் குழுவிலோ ஆட்ட நாளன்று இரண்டு பேருக்கு ஆலையில் வேலை. ஒருவன் தம்பியின் காலணியைப் போட்டுக்கொண்டு வருவான். ஆறு பேர்தான் வந்திருக்கிறார்கள் என்றால் என்ன செய்வது என்பது லோரி அண்ணனுக்குத் தெரியும். புதியவருக்கு அப்படி ஒரு நாள் வந்ததே இல்லை.

அன்று கை தூக்கும்போது நாங்கள் எதைப் பார்த்தோம்? பயிற்றுநரையா, அவரிடம் இருந்த ஆட்டக்காரர்களையா? புக்கிட் ரோத்தான் பக்கத்துத் திடலில் எழுந்த இந்தக் கேள்வியை நாட்டின் மிகப் பெரிய குழுவிடமே கேட்டுப் பார்க்கலாம்.

ஆள் மாறினார், பட்டம் மாறவில்லை

ஜொகூர் டாருல் தாக்சிம், அதாவது ஜேடிதி, 2014 முதல் 2024-25 பருவம் வரை தொடர்ந்து 11 முறை சூப்பர் லீக் பட்டத்தை வென்றிருக்கிறது. இந்தக் காலத்தில் பயிற்றுநர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். குரோஷியாவின் போஜன் ஹோடாக், அர்ஜென்டினாவின் மாரியோ கோமஸ், போர்ச்சுகலின் உலிசஸ் மொராய்ஸ், மெக்சிகோவின் பெஞ்சமின் மோரா, மீண்டும் அர்ஜென்டினாவிலிருந்து ஹெக்டர் பிடோக்லியோ என்று பட்டியல் நீள்கிறது. யார் வந்தாலும் பட்டம் ஜொகூருக்கே.

பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் பாடத்தில் எங்களுக்கு முதலில் சொல்லிக் கொடுத்த விஷயம் இது: ஒன்றை மட்டும் மாற்றிப் பார், முடிவு மாறவில்லை என்றால் அந்த முடிவுக்குக் காரணத்தை வேறு இடத்தில் தேடு. ஜேடிதியில் பயிற்றுநர் மாறினார், முடிவு மாறவில்லை. பயிற்சி வசதிகள், தேசிய ஆட்டக்காரர்கள், வெளிநாட்டு நட்சத்திரங்கள் ஆகியவை மாறாமல் இருந்தன. ஆகவே, லீக் பட்டத்தை மட்டும் வைத்து இவர்களில் யார் சிறந்தவர் என்று சொல்ல முடியாது.

அதற்காகப் பணம் இருந்தால் போதும் என்றும் சொல்லிவிட முடியாது. 2013இல் ஜேடிதி, ஐரோப்பியக் கிண்ணம் வென்ற ஸ்பெயின் குழுவில் இருந்த டானி குயிசாவை வாங்கியது. அந்த வருட எஃப்ஏ கிண்ண இறுதியாட்டத்தில் கிளந்தானிடம் 0-1 என்று தோற்றது.

நியூயார்க்கில் ஒரு பாடம்

அமெரிக்காவின் பேஸ்பால் ஆட்டத்தில் இதைவிடத் தெளிவான ஓர் உதாரணம் இருக்கிறது. கேசி ஸ்டெங்கல் என்பவர் முதலில் புரூக்ளின், பாஸ்டன் குழுக்களை மொத்தம் ஒன்பது பருவங்கள் நடத்தினார். எட்டுக் குழுக்கள் கொண்ட லீக்கில் ஒருமுறைகூட ஐந்தாம் இடத்துக்கு மேல் வரவில்லை. பிறகு 1949இல் பணமும் திறமையும் நிறைந்த நியூயார்க் யாங்கீஸ் குழுவுக்குப் போனார். 12 பருவங்களில் 10 முறை லீக் பட்டம், 7 முறை உலகத் தொடர். மேதை என்று கொண்டாடினார்கள். 1962இல் புதிதாகத் தொடங்கப்பட்ட நியூயார்க் மெட்ஸ் குழுவை ஏற்றார். அந்தப் பருவத்தில் 40 வெற்றி, 120 தோல்வி!

மூன்று இடத்திலும் மனிதர் ஒருவரே. யாங்கீஸ் காலத்தை மட்டும் பார்த்தால் அவர் மேதை. மெட்ஸ் காலத்தை மட்டும் பார்த்தால் ஒன்றும் தெரியாதவர். கையில் இருந்த குழுவைக் கணக்கில் சேர்க்காமல் போடும் மதிப்பெண் இப்படித்தான் ஆளையே மாற்றிக் காட்டும்.

குழு மாறியும் வென்றவர்

அப்படியானால் ஒரு பயிற்றுநரை எப்படித்தான் எடைபோடுவது? ஸ்டெங்கலைப் போல வெவ்வேறு குழுக்களில் அவர் என்ன செய்தார் என்று பார்க்கலாம். நம் நாட்டிலேயே அதற்கு ஒருவர் இருக்கிறார்: போஜன் ஹோடாக்.

2012இல் கிளந்தானுக்கு சூப்பர் லீக், எஃப்ஏ கிண்ணம், மலேசியக் கிண்ணம் மூன்றையும் ஒரே வருடத்தில் பெற்றுத் தந்தவர் அவர். 2013 எஃப்ஏ கிண்ணத்தில் ஜேடிதியை வீழ்த்திய கிளந்தானுக்கும் அவரே பயிற்றுநர். அடுத்த வருடம் ஜேடிதிக்கே போய் லீக் பட்டத்தை வென்றார். 2015 பருவத்தின் நடுவே அவரை மாற்றினார்கள். பட்டம் அங்கேயே இருந்தது.

பிறகு அவர் கோலாலம்பூர் சிட்டிக்கு வந்தார். 2021இல்தான் அந்தக் குழு சூப்பர் லீக்குக்கு மீண்டும் ஏறி வந்திருந்தது. அதே வருடம் புக்கிட் ஜாலிலில் நடந்த மலேசியக் கிண்ண இறுதியாட்டத்தில் ஜேடிதியை 2-0 என்று வென்றது. 1989க்குப் பிறகு தலைநகருக்குக் கிடைத்த முதல் மலேசியக் கிண்ணம் அது. அடுத்து இந்தோனேசியாவின் பெர்சிப் பாண்டுங் குழுவுக்கு 2023-24, 2024-25 என இரண்டு லீக் பட்டங்களைப் பெற்றுத் தந்தார். குழு மாறுகிறது, நாடு மாறுகிறது, வெற்றி மட்டும் கூடவே வருகிறது. இங்கே காரணம் பயிற்றுநர் என்று துணிந்து சொல்லலாம்.

எல்லாருக்கும் குழு மாறும் வாய்ப்புக் கிடைக்காது. அப்போது ஒரே குழுவை இரண்டு நேரங்களில் ஒப்பிடலாம். 2010 டிசம்பர் 1ஆம் தேதி ஜகார்த்தாவில் நம் தேசியக் குழு இந்தோனேசியாவிடம் 1-5 என்று தோற்றது. டிசம்பர் 26ஆம் தேதி சுசுகி கிண்ணத்தின் முதல் இறுதியாட்டத்தில் அதே இந்தோனேசியாவை 3-0 என்று வென்று, மொத்தம் 4-2 என்ற கணக்கில் கிண்ணத்தைக் கைப்பற்றியது. அந்த 25 நாள்களில் நட்சத்திரங்களை விலைக்கு வாங்க வழியில்லை. பயிற்றுநர் டத்தோ கே. ராஜகோபாலிடம் இருந்தவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள். என் அப்பாவின் தலைமுறை அந்த இரவை இன்னும் பேசுகிறது.

பணக்காரரிடமும் நியாயம் வேண்டும்

பணக்காரக் குழுவை நடத்துவது சுலபம் என்று நினைப்பதும் தவறு. வேறு குழுவில் முதல் ஆளாக இறங்கக்கூடியவரை மாற்று ஆட்டக்காரராக உட்கார வைத்து, மனம் கோணாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வென்றால் பணம் வென்றது என்பார்கள். தோற்றால் பயிற்றுநர் தோற்றார் என்பார்கள்.

அவர்களுடைய திறமையைப் பார்க்க, பணபலம் சமமாக இருக்கும் அல்லது எதிரிக்குக் கூடுதலாக இருக்கும் ஆட்டங்களுக்குப் போக வேண்டும். 2022 ஆசிய சாம்பியன்ஸ் லீக்கில் மோராவின் ஜேடிதி, 2020ஆம் ஆண்டின் ஆசிய வெற்றியாளரான உல்சானை இரண்டு முறை வென்று குழுப் பிரிவில் முதலிடம் பிடித்தது. எந்த மலேசியக் குழுவும் அதற்கு முன் அந்தப் போட்டியில் அடுத்த சுற்றுக்குப் போனதில்லை. மோராவுக்கு நான் மதிப்பெண் போடுவதாக இருந்தால் அவருடைய லீக் பட்டங்களை விட்டுவிட்டு இதற்குத்தான் போடுவேன்.

அதிலும் கவனம் தேவை. அந்த ஆட்டங்கள் ஜொகூரிலேயே நடந்தன. 2015இல் கோமஸின் கீழ் ஜேடிதி ஏஎஃப்சி கிண்ணத்தை வென்றது பெரிய சாதனை. ஆனால் அரையிறுதியின் முதல் ஆட்டத்தில் குவைத் குழுவிடம் தோற்றிருந்தது. குவைத் மீது ஃபிஃபா தடை விதித்ததால் இரண்டாவது ஆட்டம் நடக்கவே இல்லை. அதிர்ஷ்டத்துக்கும் ஒரு பங்கு உண்டு. ஒரு கிண்ணத்தை வைத்து ஒருவரைத் தூக்கி வைக்கவோ தள்ளிவிடவோ கூடாது என்பதற்கு இதுவே போதும்.

திடலுக்கு வெளியேயும்

பள்ளிகளையும் நாம் இப்படித்தான் பார்க்கிறோம். எஸ்பிஎம் முடிவு வந்ததும் எத்தனை ஏ என்று எண்ணுகிறோம். நாடு முழுவதும் தேர்ந்தெடுத்த மாணவர்களைச் சேர்க்கும் விடுதிப் பள்ளியின் ஆசிரியருக்குக் கைதட்டல் கிடைக்கிறது. முதலாம் ஆண்டில் எழுத்து தெரியாமல் வந்த பிள்ளையை ஆறாம் ஆண்டில் கட்டுரை எழுத வைத்த தோட்டத் தமிழ்ப்பள்ளி ஆசிரியரின் உழைப்பு எந்தப் பட்டியலிலும் வருவதில்லை. எங்கே முடித்தார்கள் என்பதோடு எங்கே தொடங்கினார்கள் என்பதையும் கேட்டால்தான் கணக்கு நேராகும்.

எங்கள் குழுவின் கூட்டம் இந்த மாதம் மறுபடியும் நடக்கப் போகிறது. இந்த முறை கை தூக்குவதற்கு முன் நான் மூன்று கேள்விகள் கேட்கப் போகிறேன். இவரிடம் முதலில் எப்படிப்பட்ட குழு இருந்தது? அதை எவ்வளவு தூரம் கொண்டு வந்தார்? தன்னைவிடப் பலமான குழுவுக்கு எதிராக என்ன செய்தார்? பதில் யாருக்குச் சாதகமாக வந்தாலும் சரி.

லோரி அண்ணனிடம் இதைச் சொன்னேன். "கேள்வியெல்லாம் நல்லாத்தான் இருக்கு, தம்பி. முதல்ல சனிக்கிழமை ஏழு பேரத் திடலுக்குக் கூட்டிட்டு வா," என்றார்.