புது வண்டிக்கு வயது 14 மாதம். அதற்குள் தரையில் பொத்தல்!

"உங்களுக்கு கேஸ் போடவே உரிமை கிடையாது": காய்கறிக் கடைக்காரரை மடக்கிய பதில்

சென்னை:

வெளியே மழை பெய்தால், வண்டிக்குள்ளே குடை பிடிக்க வேண்டும்!

வியாசர்பாடியில் காய்கறிக் கடை வைத்திருக்கும் ஒருவரின் நிலைமை இது. அவரிடம் இருப்பது கைமாறி வந்த ஓட்டை வண்டி அல்ல. மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, ஷோரூமிலிருந்து ஓட்டி வந்த புத்தம் புதிய சின்ன சரக்கு வண்டி.

விலை 6 லட்சத்துக்கு மேல். முன்பணம் கட்ட மனைவியின் வளையல் அடகுக் கடைக்குப் போனது. மீதிக்குக் கடன். மாதம் பிறந்தால் 5-ந்தேதி தவணை. வண்டி நின்றால் தவணை நிற்குமா?

தினமும் ராத்திரி 2 மணிக்கு இவர் கோயம்பேடு கிளம்ப வேண்டும். தக்காளி, வெங்காயம், கீரைக்கட்டு எல்லாம் ஏற்றிக்கொண்டு விடிவதற்குள் கடைக்கு வந்துவிட வேண்டும். அரை மணி தாமதமானாலும் மெஸ்காரர்கள் அடுத்த கடையில் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

மூன்றாம் மாதமே ஆரம்பம்

முதலில் பின்பக்கக் கதவின் கீல். வெல்டிங் விட்டு ஒரு பக்கமாகத் தொங்கியது. கயிறு போட்டுக் கட்டினார். பிறகு டிரைவர் பக்கத்துக் கதவு. மூன்று தரம் ஓங்கி அடித்தால்தான் சாத்தும். ஐப்பசி மழையில் கதவு ரப்பர் வழியாகத் தண்ணீர் இறங்கி, காலடியில் குளம் கட்டியது.

போன மாதம் கால்மிதியைத் தூக்கிப் பார்த்தவருக்குப் பகீர் என்றது. இரும்புத் தரையில் காசு அளவுக்குப் பொத்தல். கீழே தார் ரோடு தெரிந்தது!

"எஞ்சினைக் குறை சொல்ல மாட்டேங்க. இழுவை நல்லாத்தான் இருக்கு. உடம்புதான் அட்டைப்பெட்டி" என்கிறார் அவர்.

சர்வீஸ் நிலையத்துக்கு ஆறு தரம் நடந்தார். ஒவ்வொரு தரமும் ஒரு நாள் வியாபாரம் போயிற்று. கிடைத்த பதில்கள் இவைதான்:

"ஓவர் லோடு ஏத்தியிருப்பீங்க சார்."

"கடல் காத்து சார். துரு பிடிக்கத்தான் செய்யும்."

"துருவுக்கு வாரண்டி கிடையாது சார்."

ஆறாவது தரம் பொறுமை போய், "கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போவேன்" என்று குரலை உயர்த்தினார். கவுண்டரில் இருந்தவர் சிரித்தார்.

"இது கமர்ஷியல் வண்டி சார். நீங்க வியாபாரி, கன்ஸ்யூமர் கிடையாது. போனாலும் கேஸை எடுக்க மாட்டாங்க."

கடைக்காரர் வாயடைத்துத் திரும்பிவிட்டார்.

புதுப்பேட்டை என்ன சொல்கிறது?

கடல் காற்று என்பதில் உண்மை இல்லாமல் இல்லை. காற்றில் வரும் உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். துரு வேகமாகப் பரவும். ஆனால் கடல் காற்று சென்னைக்கு நேற்றா வந்தது? இந்த ஊரில் விற்கிற வண்டி இந்த ஊர்க் காற்றுக்குத் தாங்க வேண்டாமா?

புதுப்பேட்டையில் பல வருடமாக டிங்கரிங் வேலை பார்க்கும் மேஸ்திரி ஒருவரிடம் வண்டி போனது. அவர் கதவின் அடிப்பக்கத்தை விரலால் தடவினார். விரலில் செம்மண் மாதிரி துரு.

"இது மேலேருந்து வந்த துரு இல்ல தம்பி. ரெண்டு தகடு சேர்ற இடத்துல பேஸ்ட் சரியாப் பூசலை. தண்ணி உள்ளே போய் உக்காந்துக்கிச்சு. கதவுக்கு அடியில தண்ணி வடியற ஓட்டை இருக்கு பாரு, அதுவும் பெயிண்ட்லயே அடைஞ்சு கெடக்கு. உள்ளேருந்து தின்னுக்கிட்டு வந்திருக்கு."

வண்டி உடம்பு ஒரே தகடு அல்ல. பல தகடுகளைப் புள்ளி புள்ளியாக வெல்டு வைத்து இணைக்கிறார்கள். இணைப்பில் ஈரம் புகாமல் பேஸ்ட் வைத்து அடைக்கிறார்கள். பூச்சுத் தொட்டியில் உடம்பை முக்கி, மின்சாரம் பாய்ச்சி, மூலைமுடுக்கிலும் பிரைமர் ஒட்டச் செய்கிறார்கள். துரு தாங்குவதற்குத் துத்தநாகம் பூசிய தகடும் உண்டு. இதில் எது குறைந்தாலும் ஷோரூம் விளக்கில் தெரியாது. ஒரு மழைக்காலம் போனால்தான் குட்டு உடையும்.

பளபளப்பில் ஏமாறுவது சென்னைக்குப் புதிதும் அல்ல. 1985-ல் வண்டலூர் பக்கத்துத் தொழிற்சாலையிலிருந்து 'ஸ்டாண்டர்டு 2000' கார் வந்தது. வெளியே பிரிட்டிஷ் ரோவர் காரின் அழகான உடம்பு. உள்ளே பழைய வேன்கார்டு காலத்து எஞ்சின்! சில வருடங்களிலேயே அந்தக் கார் நின்றுபோனது.

"நீங்க கன்ஸ்யூமர்தான்!"

சரி, கவுண்டர்காரர் சொன்ன சட்டம்? பாதிதான் உண்மை.

வர்த்தக நோக்கத்துக்குப் பொருள் வாங்குகிறவர் நுகர்வோர் அல்ல என்று 2019-ம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்வது வாஸ்தவம். ஆனால் அதற்கு அடியிலேயே ஒரு விளக்கமும் இருக்கிறது. சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே வாங்கி, தானே பயன்படுத்தும் பொருள் வர்த்தகக் கணக்கில் சேராது.

பழைய சட்டம் இருந்த காலத்தில், 1995-லேயே உச்ச நீதிமன்றம் இதை உடைத்துச் சொல்லிவிட்டது. ஆட்டோ வாங்கித் தானே ஓட்டிப் பிழைப்பவர் நுகர்வோர். லாரி வாங்கித் தானே ஓட்டுகிறவரும் நுகர்வோர். ஒத்தாசைக்கு ஓரிருவரை வைத்துக்கொண்டாலும் அந்த உரிமை போகாது. பத்து வண்டி வாங்கி ஆள் போட்டு ஓட்டுகிற முதலாளி கதை வேறு.

இவருக்கோ ஒரே கடை, ஒரே வண்டி. ஓட்டுவதும் மூட்டை இறக்குவதும் அவரே.

குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை விலையுள்ள பொருளுக்குக் கட்டணம் 200 ரூபாய்தான். வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. கோளாறு தெரிந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும்.

அதற்காக, வேறு புது வண்டி வாசலில் வந்து நிற்கும் என்று கனவு காணக் கூடாது. கெட்ட பாகத்தை மாற்றிக் கொடுத்தால் போதும், முழு வண்டியும் தர வேண்டியதில்லை என்று 2006-ல் ஒரு கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கோளாறு தயாரிப்பிலேயே வந்தது என்று காட்டியாக வேண்டும். தேவைப்பட்டால் ஆணையம் நிபுணர் பரிசோதனைக்கு அனுப்பும்.

இங்கேதான் கடைக்காரருக்கு இடி. ஆறு தரம் போனவர் கையில் இருக்கும் ஜாப் கார்டு இரண்டே இரண்டு! ஒன்றில் 'ஆயில் மாற்றம்'. இன்னொன்றில் 'பொதுச் சோதனை'. தண்ணீர் ஒழுகுவதும் கீல் விட்டதும் எங்கேயும் எழுதப்படவில்லை.

"வாயாலதான் சொன்னேன். அவங்க எழுதிக்குவாங்கன்னு நெனச்சேன்."

எழுதுவார்களா என்ன?

போன வாரம் ஏழாவது தரம் போனார். "தரையில் துரு, பொத்தல், கதவு வழியாகத் தண்ணீர் ஒழுகல்" என்று ஜாப் கார்டில் எழுதி, தேதி போட்டு, முத்திரை குத்தும் வரை நகர மாட்டேன் என்று நின்றுவிட்டார். இரண்டு மணி நேரம் கழித்துக் காகிதம் வந்தது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-லும் புகார் பதிவு செய்துவிட்டார்.

பொத்தலை அடைத்துக் கொடுங்கள் என்று மேஸ்திரியிடம் கேட்டதற்கு, அவர் கையை உதறிவிட்டார்.

"இப்ப அடைச்சா சாட்சியையே அடைச்ச மாதிரி ஆயிடும் தம்பி. பாக்க வேண்டியவங்க பாத்துட்டுப் போகட்டும். அதுவரைக்கும் ஒரு பலகையைப் போட்டு ஓட்டு."

பலகை போட்டாகிவிட்டது. காய்ப்பெட்டியின் பலகைதான்.