இசை விழாவுக்குப் புறப்படும் மாணவச் செல்வங்களே!

திருத்தணியில் இரயிலேறி, அரக்கோணம் வழியாகச் சென்னைக் கல்லூரிகளுக்குச் சென்று வரும் இளைய நெஞ்சங்களே! கோடையில் நகரில் நடைபெறும் இசை விழாவைக் கண்டு வரும் ஆவல் உங்களுக்கு எழுவது இயல்பே. அனுமதி கேட்டதும் பெற்றோர் தயங்குவதும் இயல்பே. இருவரும் அமர்ந்து பேசினால் வழி பிறக்கும்.

ஜூன் 21 உலக இசை நாள். 1982-ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் தொடங்கிய விழா இது. தேர்ந்த கலைஞரும் கற்றுக்குட்டிகளும் கட்டணமின்றிப் பொது இடங்களில் இசைக்க வேண்டும் என்பதே இதன் நோக்கம். சென்னையிலும் புதுச்சேரியிலும் இவ்விழா கொண்டாடப்படுகிறது. மாணவரின் கைச்செலவுக்கு ஏற்ற விழா!

மார்க்கம் என்ன சொல்கிறது? பெருநாளன்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் இல்லத்தில் சிறுமியர் இருவர் பாடியதைத் தடுக்க முனைந்த அபூபக்ர் (ரலி) அவர்களிடம், அவர்களை விட்டுவிடுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதாக ஹதீஸ் உண்டு. இசைக்கருவிகள் பற்றி உலமாக்களிடையே கருத்து வேறுபாடு நிலவுகிறது. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் 'இஹ்யா' நூலில், பாடலின் கருத்தையும் கேட்பவரின் உள்ளத்தையும் சூழலையும் எடைபோட்டே இதனை ஆராய்கிறார்கள். நீங்களும் அவ்வாறே எடைபோடுங்கள்.

ஜூன் 21 நெடும்பகல் கொண்ட நாள். சென்னையில் ஏறத்தாழ 6.40 மணிக்கே கதிரவன் மறையும். நிகழ்ச்சி களைகட்டும் வேளையும் மக்ரிப் வேளையும் ஒன்றாகவே வரும். ஆகவே அருகிலுள்ள பள்ளிவாசலையும், ஊர் திரும்பும் இரயிலின் நேரத்தையும் முன்னரே அறிந்து செல்லுங்கள். தோழர் துணையின்றிச் செல்லாதீர்கள். 2023 செப்டம்பர் 10 அன்று சென்னைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் நடந்த பெரும் இசை நிகழ்ச்சியில், நுழைவுச்சீட்டு பெற்றிருந்தோர் பலரே உள்ளே செல்ல இயலாமல் நெரிசலில் தவித்தனர். கூட்டம் நெருக்கினால் தயங்காது வெளியேறி விடுங்கள். ஒலிபெருக்கியின் அருகே நிற்காதீர்கள். கெட்ட செவி மீண்டும் வாய்ப்பதரிது.

கேட்டதனால் பயன் பெற்ற ஒருவரையும் அறிந்துகொள்ளுங்கள். ஆடிக் கிருத்திகையில் நம் ஊரே கேட்கும் நாதசுவரத்தில் புகழ் நாட்டியவர் ஷேக் சின்ன மௌலானா (1924–1999). ஆந்திரத்துக் கரவதியில் பிறந்தவர், தஞ்சைப் பாணியின் மீது கொண்ட ஈடுபாட்டால் தமிழகம் வந்து, நாச்சியார்கோவில் இராஜம் - துரைக்கண்ணு சகோதரர்களிடம் பயின்றார், திருவரங்கத்தில் குடியேறினார். 1977-இல் பத்மஸ்ரீ, 1998-இல் சங்கீத கலாநிதி விருதுகள் அவரைத் தேடி வந்தன. 1960-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் ஆந்திரத்திலிருந்து தமிழகத்துடன் இணைந்த திருத்தணியின் பிள்ளைகளுக்கு, எல்லை கடந்து வந்த அவ்விசை அந்நியமாகுமா?

எனவே சென்று கேளுங்கள். பிடித்த கலை எதுவாயினும் அதன் ஆசானைத் தேடுங்கள். பெற்றோரே, நம்பி அனுப்புங்கள்; திரும்பியதும் என்ன கேட்டார்கள் என்று அன்புடன் வினவுங்கள். வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளை நலமுடன் இல்லம் சேர்ப்பானாக! ஆமீன்.