மின்னல் தரும் அரைமணி அவகாசம்

ஐப்பசி, கார்த்திகை அடைமழை நமக்குப் புதிதல்ல. இரண்டு மூன்று நாள் முன்னதாகவே வானொலியிலும் தொலைக்காட்சியிலும் சொல்லிவிடுகிறார்கள். நாமும் சர்க்கரை, மைதா மூட்டைகளைப் பலகை மேல் ஏற்றி அடுக்கிவிட்டுத் தயாராகிவிடுகிறோம். நம்மைத் திணற வைப்பது வேறு மழை. சித்திரை, வைகாசியிலும், பிறகு ஆவணி, புரட்டாசியிலும் பிற்பகல் மூன்று மணிக்கு மேல் திடீரென்று கருமேகம் திரண்டு, காற்றும் இடியுமாக ஒரு மணி நேரம் அடித்துவிட்டுப் போகிறதே, அதுதான். அந்த நேரத்தில் வண்டிச் சரக்கு பாதி இறங்கியிருக்கும், பாதி லாரியில் இருக்கும். படுதாவை இழுத்துக் கட்ட ஓர் ஆள் லாரியின் உச்சியில் ஏறி நிற்பார். ஊருக்கு வெளியே உள்ள கிட்டங்கியானால், சுற்றுவட்டத்தில் அவரைவிட உயரமாக எதுவும் இருக்காது.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டில் மின்னல் தாக்கி இறந்தவர்கள் 2,887 பேர். 2020 ஜூன் 25 அன்று பீகாரில் ஒரே நாளில் 80க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். பெரும்பாலோர் வயலில் வேலையாக இருந்தவர்கள். வெட்டவெளியில் பாடுபடுகிறவரைத்தான் இடி தேடிப் பிடிக்கிறது. நம் தொழிலில் அப்படிப்பட்டவர் சுமை தூக்கும் தொழிலாளிதான். இடி இடித்தால் "அர்ஜுனா, அர்ஜுனா" என்று சொல்லச் சொல்லி நம் ஆச்சிமார் பழக்கியிருக்கிறார்கள். சொல்வதில் தவறில்லை. ஆனால் இன்று அதற்கு முன்பே எச்சரிக்கை கிடைக்க வழி இருக்கிறது. அதைப் பற்றியே இங்கு எழுதுகிறோம்.

பழைய ரேடியோப் பெட்டி வைத்திருந்தவர்களுக்கு ஒன்று நினைவிருக்கும். மத்திய அலையில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருக்கும்போது எங்கோ மின்னல் வெட்டினால் பெட்டியில் "கரகர"வென்று ஓர் ஓசை வரும். இடிச் சத்தம் நம் காதுக்கு எட்டாத தூரத்து மின்னலும் அதில் கேட்கும். ஒவ்வொரு மின்னலும் வெளிச்சத்தோடும் ஓசையோடும் வானொலி அலைகளையும் வெளியிடுகிறது என்பதே காரணம். இந்த அலை நொடிக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் பாய்கிறது. ஒரே மின்னலின் அலை நான்கைந்து ஊர்களில் உள்ள கருவிகளுக்கு மிக நுட்பமான நேர வேறுபாட்டுடன் போய்ச் சேரும். அந்த வேறுபாட்டைக் கணக்கிட்டால் மின்னல் எந்த இடத்தில் வெட்டியது என்பது தெரிந்துவிடும். புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆராய்ச்சி நிறுவனம் முதலில் மராட்டிய மாநிலத்தில் இக்கருவிகளை வைத்தது. பிறகு நாட்டின் பல பகுதிகளிலும் வைத்து, அவை இப்போது 80ஐத் தாண்டிவிட்டன.

இடம் தெரிவது ஒரு பயன். எண்ணிக்கை தெரிவதுதான் அதைவிடப் பெரிய பயன். இதற்கு நம் கடையையே உதாரணமாகச் சொல்லலாம். ஐந்து நிமிடத்துக்கு இரண்டு பில் என்று போய்க்கொண்டிருந்த இடத்தில் திடீரென்று பத்து பில், பதினைந்து பில் என்று ஏறினால், கல்லாவில் இருப்பவர் தெருவை எட்டிப் பார்க்காமலே சொல்லிவிடுவார், கூட்டம் வருகிறதென்று. இடிமேகத்துக்குள்ளும் இப்படித்தான். மேகத்தின் உள்ளே காற்று வேகமாக மேலே ஏறும்போது சிறு ஆலங்கட்டிகளும் பனித்துகள்களும் ஒன்றோடொன்று மோதி மின்னேற்றம் உண்டாகிறது. காற்று ஏறும் வேகம் கூடக் கூட மின்னலும் பெருகும். பிறகு அந்தக் காற்று தளர்ந்து, மழையோடும் ஆலங்கட்டியோடும் தரையை நோக்கிச் சரிந்து விழும்போதுதான் தகரக் கூரையைப் பெயர்க்கும் சூறைக்காற்று அடிக்கிறது. ஆகவே மின்னல் எண்ணிக்கை சட்டென்று எகிறினால், சில நிமிடங்களிலிருந்து அரைமணி நேரத்துக்குள் பலத்த காற்றோ ஆலங்கட்டியோ வரக்கூடும் என்று கொள்ளலாம். அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் இந்த எகிறலை 1990களிலேயே கவனித்து எழுதினார்கள். நம் கண்ணில் படும் கொடிமின்னலை மட்டும் எண்ணினால் இது பிடிபடாது. பெரும்பாலான மின்னல்கள் தரைக்கு வராமல் மேகத்துக்குள்ளேயே வெட்டி அடங்குகின்றன. அவற்றையும் சேர்த்து எண்ணவேண்டும்.

"ராடார் இருக்கிறதே, அது போதாதா?" என்று கேட்கலாம். நமக்கு அருகில் உள்ள ராடார்களில் ஒன்று காரைக்காலில் இருக்கிறது. பள்ளத்தூரிலிருந்து நேர்கோட்டில் சுமார் 140 கிலோமீட்டர். பூமி உருண்டையாக இருப்பதால் அதன் கதிர் நம் பகுதிக்கு வரும்போது இரண்டு கிலோமீட்டர் உயரத்துக்கு மேல் போய்விடுகிறது. மேகத்தின் நடுவும் தலையும் தெரியும், அடிப்பாகம் தெரியாது. ராடார் வானத்தை ஒரு சுற்றுப் பார்த்து முடிக்கவும் சில நிமிடங்கள் ஆகும். மின்னல் கணக்கு உடனுக்குடன் வந்து சேருகிறது. இரண்டையும், செயற்கைக்கோள் படத்தையும் சேர்த்து வைத்துத்தான் சென்னை வானிலை ஆய்வு மையம் "அடுத்த மூன்று மணி நேரத்தில் இந்த மாவட்டங்களில் இடியுடன் மழை" என்று அறிவிக்கிறது.

மாவட்டம் என்றால் மானாமதுரையும் சிவகங்கை மாவட்டம், பள்ளத்தூரும் சிவகங்கை மாவட்டம். அங்கே கொட்டும், இங்கே வெயிலடிக்கும். நம் தெருவுக்கு என்று பார்க்க வேண்டுமானால் புனே நிறுவனம் வெளியிட்ட "தாமினி" என்ற கைபேசிச் செயலி உதவுகிறது. தாமினி என்றால் வடமொழியில் மின்னல். பணம் கட்ட வேண்டியதில்லை. நாம் நிற்கும் இடத்தைச் சுற்றி 20 கிலோமீட்டர், 40 கிலோமீட்டர் வட்டத்துக்குள் மின்னல் வெட்டினால் அறிவிக்கும். பள்ளத்தூரில் இருப்பவருக்குக் காரைக்குடி, கோட்டையூர், கானாடுகாத்தான் எல்லாம் உள்வட்டம். திருப்பத்தூரும் புதுக்கோட்டையும் வெளிவட்டத்தில் வரும். மணிக்கு 30, 40 கிலோமீட்டர் வேகத்தில் நகரும் மேகம் திருப்பத்தூரிலிருந்து நம் தெருவுக்கு வர அரைமணிக்கு மேல் ஆகும். அந்த அரைமணியில் ஒரு லாரிக்குப் படுதா கட்டி ஆளை இறக்கிவிடலாம். வாசலில் காயும் மிளகாயையும் அப்பளத்தையும் அள்ளிவிடலாம். மின்னணுத் தராசு, பில் போடும் கணினி, குளிர்பெட்டி ஆகியவற்றின் பிளக்கைப் பிடுங்கிவிடலாம். இடி தலைக்கு மேல் வந்தபிறகு பிளக்கைத் தொடப் போகக்கூடாது.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். வெளிவட்டத்தில் மின்னல் என்று பத்து முறை அறிவிப்பு வந்தால் பல முறை நமக்கு ஒரு தூற்றல்கூட விழாது. "புலி வருது" கதையாகி, கைபேசியை மூலையில் போட்டுவிடத் தோன்றும். எங்கள் யோசனை இது: வெளிவட்டம் என்றால் படுதாவை எடுத்து வைப்பது; உள்வட்டம் என்றால் ஏற்று இறக்கு வேலையை நிறுத்துவது. இன்னொன்று, மின்னல் வெட்டிய பிறகே கருவிக்குத் தெரியும். மேகம் நம் தலைக்கு மேலேயே உருவானால் முதல் மின்னலுக்கு முன்னறிவிப்பு இராது. செயலியில் ஒன்றும் இல்லாவிட்டாலும் இடியோசை காதில் விழுந்தால் அது உள்வட்டம்தான்.

வேலையை நிறுத்தியவர்கள் மரத்தடிக்கோ, பக்கச்சுவர் இல்லாத தகரக் கொட்டகைக்கோ போகக்கூடாது. கட்டிடத்துக்குள் வரவேண்டும். இல்லாவிட்டால் லாரியின் மூடிய கேபினில் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்காரலாம். யாராவது தாக்கப்பட்டுவிட்டால் தொட அஞ்ச வேண்டாம், அவர் உடம்பில் மின்சாரம் தங்கியிருக்காது. உடனே 108க்குச் சொல்லிவிட்டு, மூச்சோ நாடியோ இல்லையென்றால் நெஞ்சை அழுத்தி முதலுதவி செய்யவேண்டும்.

காப்பீடு பற்றியும் ஒரு வார்த்தை. தீ விபத்துப் பாலிசியில் மின்னலும் சேர்ந்திருக்கிறது என்று நிம்மதியாக இருக்கிறோம். ஆனால் மின்னலால் மின் அழுத்தம் எகிறிக் கருகிப்போன மின்சாதனத்துக்கு இழப்பீடு இல்லை என்று விலக்குப் பகுதியில் எழுதப்பட்ட பாலிசிகள் உண்டு. நம் பாலிசியில் எப்படி என்று முகவரிடம் இப்போதே கேட்டு வைப்பது நல்லது.

கடைசி இடியோசை கேட்டு அரைமணி ஆனபிறகே மறுபடி சரக்கு இறக்க வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. லாரிக்காரர் முணுமுணுப்பார், அடுத்த ஊருக்கு நேரமாகிறது என்பார். காத்திருப்புக் கூலியும் கேட்கலாம். அதைச் சரக்கு வாங்கிய கடை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதே எங்கள் கருத்து. சும்மா உட்கார்ந்திருந்த நேரம் என்று சுமைக்காரர் கூலியில் அதைப் பிடிக்கத் தொடங்கினால், அடுத்த முறை இடி இடிக்கும்போது நாம் கூப்பிட்டாலும் அவர் இறங்கமாட்டார்.