காது கேட்கிறது, சொல் பிடிபடவில்லை

கண்டியிலிருந்து திகன வீதியில் போனால், குண்டசாலைப் பக்கம் வருகிற ஊருக்கு நாம் பல்லேகல என்று பெயர் எழுதுகிறோம். சில பத்திரிகைகளில் பல்லேகலை என்றும் வரும். சிங்களத்தில் 'பல்லே' என்றால் கீழ்ப்புறம். மிச்சப் பாதியை 'கல' என்று வாசித்துவிட்டு, ஏதோ பாறையைச் சொல்கிறார்கள் என்று நினைப்பவர்கள் நம்மில் பலர். உண்மையில் அது பாறையல்ல, காடு. காட்டைக் குறிக்கும் அந்தச் சிங்களச் சொல் 'க'வுக்கும் 'கெ'வுக்கும் நடுவே நிற்கிற ஓர் ஒலியோடு தொடங்குகிறது. ஆங்கிலம் தெரிந்தவர்கள் 'பேங்க்' என்று சொல்லும்போது வாய் சற்று அகலுமே, அந்த ஒலிதான். அதற்குத் தமிழில் எழுத்து இல்லை. அதைத் தனி ஒலியாகக் கேட்டுப் பழகிய காதும் நமக்கு இல்லை.

பன்வில, மடுல்கலை, றங்கலைப் பக்கத் தோட்டங்களிலிருந்து பல்லேகலையில் உள்ள தொழிற்சாலைகளுக்கு வேலைக்கு வரும் பெண்பிள்ளைகளை என் பணி நிமித்தம் அடிக்கடி சந்திக்கிறேன். பெரும்பாலும் சாதாரண தரம் வரை தமிழில் படித்தவர்கள். பாடசாலையில் சிங்களமும் ஒரு பாடமாக இருந்ததால் எழுத்துக் கூட்டி வாசிப்பார்கள். ஆனால் பக்கத்தில் நின்று ஒருவர் பேசினால் திகைத்துப் போகிறார்கள்.

அப்படி ஒரு தங்கச்சி ஒருநாள் என்னிடம், "மிஸ், எனக்குக் காதுல ஏதும் கோளாறா இருக்குமோ?" என்று கேட்டாள். அவள் வேலை செய்யும் ஆடைத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர் சட்டைக் கொலர் அறுபது எண்ணிக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். அவள் எட்டுக் கொலர்களோடு போய் நின்றாள். வரிசையே சிரித்தது, மேற்பார்வையாளர் திட்டினார். அடுத்த மாதம் கைக்கு நாலு காசு வந்ததும் காது வைத்தியரிடம் காட்டப் போவதாகச் சொன்னாள்.

சிங்களத்தில் எட்டு என்பது 'அட்ட'. அறுபது என்பது 'ஹெட்ட' போல ஒலிக்கும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு, முன்னால் வரும் 'ஹ'வும் அதை அடுத்து வரும் அந்த நடு உயிரும் மட்டுமே. சொல்லின் தொடக்கத்தில் 'ஹ' தமிழுக்குப் பழக்கமில்லாதது. நடு உயிர் தமிழில் இல்லவே இல்லை. ஆகவே இயந்திரங்களின் இரைச்சலுக்கு நடுவே அவளுடைய காது, தனக்குத் தெரிந்த பாதியை மட்டும் பிடித்துக்கொண்டது. (தமிழில் பேசினாலும் சரியாகக் கேட்கவில்லை என்றால் கட்டாயம் வைத்தியரிடம் காட்ட வேண்டும். அது வேறு விடயம்.)

சகோதரிகளே, 'பாம்பு' என்ற சொல்லைத் தொண்டையில் கை வைத்துக்கொண்டு மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். முதல் 'ப' பழத்தில் வரும் 'ப'. கடைசியில் வருவது பஸ்ஸில் வரும் 'ப'. அதைச் சொல்லும்போது தொண்டை அதிரும். கங்கையில் இரண்டு விதமான 'க' உண்டு. தந்தையில் இரண்டு விதமான 'த' உண்டு. ஆக நம் வாய்க்கு இந்த ஒலிகள் எல்லாமே தெரியும். ஆனால் எது எங்கே வரும் என்பதைத் தமிழ் தானாகவே ஒழுங்குபடுத்திவிடுவதால், காது அவற்றைப் பிரித்துப் பார்க்க மினக்கெடுவதில்லை. சிங்களத்தில் அவை வெவ்வேறு எழுத்து, வெவ்வேறு பொருள். நிக்கொலாய் துருபெத்ஸ்கோய் என்ற ருஷ்ய மொழியியலாளர் 1939இல் வெளிவந்த தமது நூலில் தாய்மொழியை ஒரு சல்லடைக்கு ஒப்பிட்டார். பிறமொழி ஒலிகளை நாம் அந்தச் சல்லடையால் அரித்துத்தான் கேட்கிறோம்.

இந்தச் சல்லடை எப்போது உருவாகிறது என்பதுதான் எனக்கு வியப்பளித்த செய்தி. கனடாவில் ஜெனட் வேர்க்கர், ரிச்சர்ட் டீஸ் இருவரும் 1984இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலம் மட்டும் பேசும் வீடுகளின் குழந்தைகளுக்கு ஹிந்தியின் 'ட', 'த' ஒலிகளைக் கேட்க வைத்தார்கள். ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகள் வேறுபாட்டை நன்றாகக் கண்டுகொண்டன. பத்து, பன்னிரண்டு மாதமானபோது பெரும்பாலான குழந்தைகளுக்கு அது கேட்கவில்லை. பட்டு வேறு, பத்து வேறு என்று நமக்குத் தெளிவாகக் கேட்பது, நாம் தவழ்ந்த காலத்தில் வீட்டில் கேட்ட பேச்சின் கொடை. அதே கொடைதான் பதினெட்டு வயதில் அந்தத் தங்கச்சியை எட்டுக் கொலரோடு நிறுத்தியது. இதில் புத்திக் குறைவு எங்கே வந்தது?

சிரித்துவிட்டுப் போகும் விடயமாகவும் இது எப்போதும் இருப்பதில்லை. பஸ்ஸின் 'ப'வோடு 'பட' என்றால் சிங்களத்தில் வயிறு. பழத்தின் 'ப'வோடு சொன்னால், வயிற்றிலிருந்து பிரியும் காற்றுக்கு நாலு பேர் முன்னால் சொல்லக் கூசும் சொல். கர்ப்பிணித் தாய் ஒருவர் கிளினிக்கில் வயிறு நோகிறது என்று சொல்லப் போக, வரிசையில் இருந்தவர்கள் வாயைப் பொத்திச் சிரித்திருக்கிறார்கள். அடுத்த கிளினிக்குக்கு அவர் போகவே இல்லை. வெட்கத்தால் ஒரு தாய் பரிசோதனையைத் தவறவிடுவது எவ்வளவு பெரிய ஆபத்து என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

மூத்தவர்களுக்கு இன்னொரு 'ப'வும் மறந்திருக்காது. வாளிக்குச் சிங்களத்தில் 'பால்திய' என்று பெயர். அதற்கும் பஸ்ஸின் 'ப' வேண்டும். 1983 யூலையில் இந்தச் சொல்லைச் சொல்ல வைத்து, நாக்குத் தடுமாறியவர்களைத் தமிழர் என்று பிரித்தெடுத்த சம்பவங்கள் பதிவாகியுள்ளன.

சரி, ஒரு வயதில் இறுகிய சல்லடையைப் பிறகு நெகிழ்த்த முடியுமா? முடியும். ஜப்பானியருக்கு ஆங்கிலத்தின் 'ற', 'ல' ஒலிகள் ஒன்றாகவே கேட்கும். 1991இல் அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 'றொக்' - 'லொக்' போன்ற சோடிச் சொற்களைப் பல பேருடைய குரலில் சுமார் மூன்று வாரம் கேட்க வைத்து, ஒவ்வொரு விடையும் சரியா பிழையா என்று உடனுக்குடன் சொன்னார்கள். காது திருந்தியது. பின்னர் 1997இல் வெளியான ஆய்வில், காதை மட்டும் பயிற்றியதாலேயே உச்சரிப்பும் மேம்பட்டது தெரியவந்தது.

நாம் செய்வதோ நேர் எதிர். முப்பது நாளில் சிங்களம் என்ற வகைச் சிறு புத்தகங்களோடு எனக்குத் தீராத மனத்தாங்கல் உண்டு. இரண்டு 'ப'வையும் ஒரே தமிழ் எழுத்தில் அச்சிட்டு, பிரித்துக் கேட்க வேண்டியதை ஒன்றாகவே மனப்பாடம் செய்ய வைக்கின்றன. புத்தகத்தில் 'மஹத்தயா' என்று இருக்கும். கடையில் 'மாத்தயா' என்றுதான் காதில் விழும். தொலைக்காட்சி நாடகம் பார்த்தால் வரும் என்பவர்களும் உண்டு. ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளிடம் பற்றீசியா கூல் நடத்தி 2003இல் வெளியிட்ட ஆய்வில், நேரில் விளையாடிப் பேசிய சீன மொழிக்காரர்களிடம் சீன ஒலிகளைப் பிடித்த குழந்தைகள், அதே பேச்சைத் தொலைக்காட்சியில் பார்த்துப் பிடிக்கவில்லை. பெரியவர்களுக்கு இது அப்படியே பொருந்தும் என்று சொல்லமாட்டேன். ஆனாலும் பத்து வருடம் நாடகம் பார்த்தும் அறுபதைப் பிரித்துக் கேட்காத காதுகளை நான் கண்டிருக்கிறேன்.

ஆகவே போடிங்கில் மாலை வேளையில் பத்து நிமிடம் ஒதுக்கினோம். வீட்டுக்கார அம்மா, கடை முதலாளி, முச்சக்கர வண்டிக்காரர், ஒரு பாடசாலைப் பிள்ளை, கூட வேலை செய்யும் சிங்கள நங்கி என ஐந்து பேருடைய குரலைக் கைத்தொலைபேசியில் பதிவு செய்தோம். 'மட்ட' என்றால் எனக்கு. 'மட' என்றால் சேறு. 'கந்த' என்று நமக்கு ஒன்றாகவே கேட்பவை இரண்டு சொற்கள். மூக்கொலி நன்றாக நின்று ஒலித்தால் மலை, தொட்டும் தொடாமலும் போனால் அடிமரம். கேட்டவர் ஒரு விரலோ இரண்டு விரலோ காட்ட வேண்டும். பிழை என்றால் அந்த இடத்திலேயே சொல்லிவிடுவோம். முதல் வாரம் எல்லாம் குருட்டு அதிர்ஷ்டம்தான். மூன்றாம் வாரம் அந்தத் தங்கச்சி அறுபதையும் எட்டையும் யார் குரலில் போட்டாலும் பிரித்துச் சொன்னாள். மலையும் அடிமரமும் அவளுக்கு இன்னும் குழப்பம்தான்.

குரல் கொடுத்த நங்கிக்கும் ஓர் ஆசை வந்தது, தமிழ் படிக்க. அவளுக்குப் பல்லியும் பள்ளியும் ஒன்றாகவே கேட்டன. சிங்களத்தில் இரண்டு 'ல', இரண்டு 'ன' எழுத்தில் உண்டு, பேச்சில் ஒன்றுதான். எங்கே எதை எழுதுவது என்று அங்கே பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள். 2007 யூலை முதலாம் திகதிக்குப் பின் அரச சேவையில் சேர்ந்தவர்கள் மற்ற அரசகரும மொழியிலும் தேர்ச்சி பெற வேண்டும் என்று சுற்றறிக்கை உண்டு. அந்த வகுப்புகளிலும் காதுக்கு இப்படிப் பத்து நிமிடம் கொடுத்தால், 'வலி' என்று சொல்லும் நம் பெண்ணுக்கு வழி காட்டி அனுப்பும் நிலை வராது.

நங்கி இப்போது கொல்லையையும் கொள்ளையையும் பிரித்துவிடுகிறாள். மனம், மணம் மட்டும் பிடிபடவில்லை. "அக்கா, நீங்களே வேகமாகப் பேசும்போது சரியாகத்தான் சொல்கிறீர்களா?" என்று கேட்டாள். எங்களில் மூன்று பேருடைய குரலைப் பதிவு செய்து கேட்டுப் பார்த்தோம். ஒருத்தி இரண்டையும் ஒரே மாதிரித்தான் சொல்லியிருந்தாள்.